கீபோர்டில் ஒட்டியிருந்த பொட்டுகள்

புபாய்,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்குக் கோபம் வந்துவிடும். "சரி, வைக்கிறேன்" என்று வைத்துவிடுவேன். அது உனக்கும் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். எழுதும்போது கோபம் வரும் இடத்தில் நிறுத்தி, எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடரலாம். இதை நம் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கும் கொடுக்கப்போகிறேன். வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்வதா என்று நீ முகத்தைச் சுளிப்பாய். உன் அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். "எழுதுங்க. இத்தனை நாள் ஒளிச்சு வச்சதுல யாருக்கு என்ன லாபம்? நம்மள மாதிரி பிள்ளைய வெளியூர் அனுப்பிட்டு 'நல்லாயிருக்கோம்'னு சொல்லிட்டு உக்காந்திருக்க எல்லாருமே படிக்கட்டும்" என்றாள். ஒவ்வொரு பத்தியையும் அவளுக்கு வாசித்துக் காட்டுவதாக ஒப்பந்தம். இப்போதே பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

மலரில் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நான் தூத்துக்குடிக்காரன். துறைமுக வேலையில் மாற்றலாகிக் கல்கத்தா வந்தேன். சில வருடங்களில் திரும்பிவிடலாம் என்று வந்தவன், டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வீடு வாங்கி, ஓய்வும் பெற்று, இங்கேயே நின்றுவிட்டேன். நீ பிறந்ததும் இங்கேதான். உனக்கு நாங்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் இருக்கிறது. பெரியம்மா முறையில் நாம் மாஷிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி அம்மா உன்னைத் தூக்கிக்கொண்டு "புபாய்" என்று செல்லமாகக் கூப்பிட்ட நாளிலிருந்து அதுதான் உன் பெயர். அந்த மாஷிமாவுக்கு நீ பேரன் மாதிரி. உன் தமிழில் பாதி வங்காளம் வருவதற்கும் அவர்தான் காரணம். இப்போது நீ உன் மனைவி பியாலியோடு ஊரின் மறுகோடியில், நியூ டவுனில் இருக்கிறாய். டொராண்டோவில் வேலை கிடைத்திருக்கிறது. டிக்கெட் போட்டாகிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நீ நம் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்க வந்தாய். வந்த இடத்தில், உன் அம்மாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டாய். "நான் போகல" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டாய். நீ போக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். முதலிலேயே சொல்லிவிட்டேன், கடைசி வரை வைத்திருந்து உன்னை மடக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டுக்கு வந்த நாள் நினைவிருக்கிறதா? சாந்தினிச் சந்தையிலிருந்து டாக்ஸியின் பின் சீட்டில் நீ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவர் ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும் அவரைத் திட்டிக்கொண்டு வந்தாய். வாங்கிய அதே வாரத்தில் திருப்புளியை எடுத்துக்கொண்டு அதன் மூடியைக் கழற்றினாய். நான் கத்திய கத்தலில் மாஷிமா மேலே ஏறி வந்துவிட்டார். "புது சாமானை எவனாவது பிரிப்பானா?" என்பது என் கட்சி. உன் அம்மாதான், "பிரிச்சாத்தான் உள்ள என்ன இருக்குன்னு தெரியும், நீங்க கப்பல பிரிச்சா பாத்தீங்க, வந்துச்சு போச்சுன்னு எழுதுனீங்க" என்று சொல்லிவிட்டு, உனக்கு டார்ச் பிடிக்க உட்கார்ந்தாள். அவள் வங்கி அதிகாரி, கம்பி எது சில்லு எது என்று அவளுக்கும் தெரியாது. ஆனாலும் நீ விரலால் தொட்ட இடத்துக்கெல்லாம் வெளிச்சம் சரியாக வந்து நின்றது. உனக்கு இந்தத் தொழிலைப் படிப்பித்தது கல்லூரி என்று நீ நினைக்கலாம். நான் அப்படி நினைக்கவில்லை. பிறகு நீ அதில் மெமரி சேர்த்தாய், விசிறியை மாற்றினாய், ஒருமுறை கரப்பான் பூச்சியின் குடும்பத்தையே வெளியேற்றினாய். வெளியில் பழைய கறுப்புப் பெட்டி, உள்ளே ஒவ்வொரு சாமானும் நீ வைத்தது. அதனால்தான் புதுசு வாங்கித் தருகிறேன் என்று நீ சொன்னபோதெல்லாம் நான் பேச்சை மாற்றினேன்.

ஆனால் சில மாதங்களாக ஒவ்வொரு காலையும் திரையில் ஒரு அறிவிப்பு வரத் தொடங்கியது. இந்தப் பதிப்புக்கு இனிமேல் பாதுகாப்பு கிடையாது, புதியதற்கு மாறுங்கள் என்றது. சரி, மாறலாம் என்று அழுத்தினால், உங்கள் கணினிக்கு அதற்கான தகுதி இல்லை என்றது. மாறு என்று சொல்வதும் அதே வாய், தகுதியில்லை என்று சொல்வதும் அதே வாய். எனக்கு ஓய்வு கொடுத்த அலுவலகம் நினைவுக்கு வந்து எரிச்சலாக இருந்தது. நீ சிரித்தாய். "அப்பா, அந்த செக்கை பைபாஸ் பண்ணிடலாம். ஃபாஸ்ட் டிஸ்க் ஒண்ணு போட்டு, புது வெர்ஷன் ஏத்திடறேன். நான் போறதுக்கு முன்னாடி இத முடிச்சுடணும். பேங்க் வேலையெல்லாம் இதுலதான பண்றீங்க, எவனாவது உள்ள பூந்துட்டா?" என்றாய். போவதற்கு முன் நீ முடிக்க வேண்டியவை நிறைய இருந்தன. சமையலறைக் குழாய், கேஸ் இணைப்பின் பெயர் மாற்றம், என் போனில் மாஷிமா மகனின் நம்பர். அந்த வரிசையில் கம்ப்யூட்டரும் ஒன்று. பிள்ளை ஊருக்குப் போகும்முன் வீட்டைச் சரிபார்த்துவிட்டுப் போகிறான் என்று எனக்குப் பெருமையாகவே இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை வெளியில் சொல்ல முடியவில்லை.

அந்தக் காரணத்தை இப்போது சொல்கிறேன். போன வருடம் துர்கா பூஜைக்கு முன்னால் உன் அம்மா காய் நறுக்கும்போது, "ஏங்க, இந்தக் கத்தரிக்காய்க்கு நடுவுல யாரோ எச்சில் துப்புன மாதிரி மங்கலா இருக்கு" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். நல்ல கத்தரிக்காய். மறுநாள் செய்தித்தாளிலும் அதே மங்கல், சுவர்க் கடிகாரத்திலும் அதே மங்கல். பைபாஸ் சாலைப் பக்கத்து ஆஸ்பத்திரியில், விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது, ஓரப் பார்வை நிற்கும், நடுப் பார்வை மெல்ல மெல்லக் குறையும் என்றார்கள். ஊசி போட்டு நிறுத்துகிற வகை இல்லையாம். மாத்திரை, கீரை, கறுப்புக் கண்ணாடி, அடிக்கடி பரிசோதனை, அவ்வளவுதான். அன்று வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது அவள் சொன்னது ஒன்றே ஒன்று. "அவனுக்கு இன்டர்வியூ நடந்துக்கிட்டிருக்கு. வாயத் தொறந்தீங்கன்னா உங்களோட பேச மாட்டேன்." அவள் பேசாமல் இருந்தால் என் வீடு என்னவாகும் என்று உனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு நீ போன் செய்யும்போதெல்லாம் "லேக் மார்க்கெட் போயிருந்தோம், காப்பித்தூள் வாங்க" என்று சொன்னோமே, அதில் பாதி நாள் ஆஸ்பத்திரி வரிசைதான். "எவ்ளோ காபி குடிக்கறீங்க ரெண்டு பேரும்?" என்று ஒருமுறை நீ கேட்டாய். உன் அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள். நான் பால்கனிக்குப் போய்விட்டேன்.

கண் போவதைக் காட்டிலும் அவளுக்குப் பெரிய கவலை, செக்ரட்டரி பதவி. நம் கட்டடத்தின் குடியிருப்போர் சங்கத்துக்கு இந்தத் தமிழ்ப் பெண்ணைச் செயலாளராக்கி, வருடக்கணக்காக மாற்றாமலே வைத்திருக்கிறார்கள். தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட், மாடிப்படியில் சைக்கிள் நிறுத்தும் மூன்றாம் மாடி தத்தா பாபு என்று எல்லாவற்றுக்கும் அவளுடைய நோட்டீஸ் போக வேண்டும். ஊர் முழுக்க அண்ணி முறையில் அவளுக்கு "செக்ரட்டரி பௌதி" என்றே பெயர். கண் தெரியவில்லை என்றால் பரிதாபப்பட்டு மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தாள். அதனால் கம்ப்யூட்டரைத் தனக்கு ஏற்றபடி வளைத்தாள். டைப்ரைட்டிங் ஹையர் படித்த கை அது, எழுத்தைப் பார்க்காமலே அடிக்கும். மேல்வரிசை விசைகளும் ஓரத்து விசைகளும்தான் சிக்கல். ஒட்டுப் பொட்டு அட்டையை எடுத்தாள். எழுத்தைப் பெரிதாக்கும் விசையில் வட்டப் பொட்டு. ஐந்தாம் எண்ணில் சின்னப் பொட்டு, அதிலிருந்து இரு பக்கமும் எண்ணிக்கொள்ளலாம். அழிக்கும் விசையில் நீளப் பொட்டு, இதைத் தொடாதே என்று. திரையிலும் அப்படியே. நோட்டீஸ்கள் இருக்கும் கோப்புறையை மேல் இடது மூலைக்கும், மெயிலை மேல் வலது மூலைக்கும் நகர்த்தச் சொன்னாள். மௌஸை மூலைப் பக்கம் தள்ளிவிட்டால் அம்பு அங்கே போய் முட்டி நின்றுவிடும், பார்க்கவே தேவையில்லை. எல்லாம் தொடங்கும் பொத்தான் முன்பே கீழ் இடது மூலையில் இருந்தது. நடுத்திரையைக் காலி மைதானமாக விட்டோம். இதை அவள் கண்டுபிடித்த அன்று ஒரு நோட்டீஸை ஒரு பிழை இல்லாமல் அடித்து அனுப்பிவிட்டு, எனக்குக் கேசரி கிளறிக் கொடுத்தாள். எனக்கு அதைச் சாப்பிட மனம் வரவில்லை. அவளுக்குத் தெரியாமல் விழுங்கினேன். ("தெரியும்" என்கிறாள் பக்கத்திலிருந்து.)

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. நீயும் பியாலியும் காலையிலேயே வந்துவிட்டீர்கள். தெருமுனையில் பந்தலுக்கு மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதால் கார் உள்ளே வரவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாய். பெட்டியைத் திறந்து தரையில் படுக்க வைத்ததும், "அம்மா, டார்ச்" என்றாய், பழைய குரலில். அவள் ஓடி வந்து உட்கார்ந்தாள். வெளிச்சம் உன் கையிலிருந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது. "அம்மா, இங்க" என்றாய். நகர்த்தினாள், மறுபக்கம் தள்ளி விழுந்தது. "தூக்கமா உனக்கு?" என்று சிரித்தாய், அவளும் சிரித்தாள். நான் வாசற்படியில் நின்றுகொண்டு, டார்ச்சை வாங்கிக்கொள்ளலாமா என்று நினைத்தேன். வாங்கினால் அவள் முகம் என்னவாகும் என்று நினைத்து அப்படியே நின்றேன். பியாலி மட்டும் டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் சந்தைக்குப் போகப் பையை எடுத்துக்கொண்டேன்.

நான் மீனும் காயும் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நீ பழையதை எல்லாம் நகல் எடுத்துவிட்டு, புதிய பதிப்பை ஏற்றிக்கொண்டிருந்தாய். திரையில் சதவீதம் ஏறியது, நின்றது, மறுபடி முதலிலிருந்து ஏறியது. அந்த நேரத்தில் சும்மா இருக்கக் கூடாது என்று நீ கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினாய், முறுக்குத் துகள் கொட்டியது, அதற்கு என்னைப் பார்த்தாய். பிறகு பஞ்சில் திரவத்தைத் தொட்டு ஒவ்வொரு விசையாகத் துடைத்தாய். "அம்மா, கண்ணாடில ஒட்டி வெப்ப, பாத்ரூம் டைல்ஸ்ல ஒட்டி வெப்ப, இப்ப கீபோர்ட்லயுமா?" என்று கேலி செய்துகொண்டே பொட்டுகளை நகத்தால் எடுத்து, செய்தித்தாளில் போட்டு மடித்துக் குப்பையில் போட்டாய். அவள் சமையலறையில் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தாள், மிக்ஸி சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. எனக்குக் கேட்டது. ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். "விடுடா" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாயே என்று நான் பாத்திரக்காரனிடம் பேரம் பேசுகிறவன் மாதிரி பால்கனியில் நின்று தெருவைப் பார்த்தேன்.

மாலையில் எல்லாம் முடிந்து, "அம்மா வா, உக்காரு. ஏரோப்ளேன் மாதிரி போகுது பாரு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாய். பூஜைக்கு முன் தொட்டி கழுவும் நோட்டீஸ் அன்று போயாக வேண்டும். அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, வழக்கம்போல மௌஸை மேல் இடது மூலைக்குத் தள்ளினாள். அங்கே ஒன்றுமில்லை. நீ எல்லாவற்றையும் நடுவில் அழகாக அடுக்கியிருந்தாய். கீழ் இடது மூலைக்குப் போனாள். புதிய பதிப்பில் அந்தப் பொத்தானும் நடுவுக்கு வந்துவிட்டது. பெரிய எழுத்துகள் போய்ப் பழையபடி பொடி எழுத்து. அவள் வலது கை கீபோர்டின் மேல்வரிசையில் பொட்டைத் தேடித் தேடி வழுக்கியது. அந்த விரலை நான் பார்த்தேன், நீயும் பார்த்தாய். அந்த நேரத்தில் திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. "என்னம்மா போட்டிருக்கு, படி" என்றாய், விளையாட்டாகத்தான். அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, முகத்தில் சிரிப்பு மாறாமல், "வெல்கம்னு போட்டிருக்கான், வேற என்ன போடுவான்" என்றாள். இப்போதே நிறுத்தி மீண்டும் தொடங்கவா என்று அது கேட்டுக்கொண்டிருந்தது.

நீ நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "அம்மா, என்னப் பாரு" என்றாய். அவள் உன்னைப் பார்ப்பதற்காக முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பினாள். ஓரத்தால்தானே தெரியும். பியாலி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாளா?" என்று என்னிடம் கேட்டாய். நான் உன் அம்மாவைப் பார்த்தேன். அவள்தான் சொன்னாள். அதற்குப் பிறகு நீ குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்து அந்தச் செய்தித்தாளைத் தேடியதை என்னால் எழுத முடியவில்லை, எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

வந்துவிட்டேன். நீ அந்தப் பொட்டுகளைப் பற்றி இத்தனை நாளும் மனதில் போட்டு உருட்டுகிறாய் என்று பியாலி சொன்னாள். "நானே என் கையால பிச்சேன்" என்று அவளிடம் அழுதாயாம். டேய், அதில் உன் தப்பு எள்ளளவும் கிடையாது. பெண்கள் கண்ட இடத்தில் பொட்டு ஒட்டி வைக்காத தமிழ் வீடு எங்கே இருக்கிறது? யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான். சொல்ல வேண்டியவன் பால்கனியில் நின்றான். உனக்கு இதிலிருந்து ஏதாவது வேண்டுமென்றால், இந்த ஒன்றை எடுத்துக்கொள். அடுத்தவர் இருக்கும் இடத்தை ஒழுங்குபடுத்துவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேள். கண்ணுக்குக் குப்பையாகத் தெரிவது அவர்களுக்கு வழியாக இருக்கலாம். பியாலியின் மேஜைக்கும் இது பொருந்தும். நீ அவள் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிவைத்து வாங்கிக் கட்டிக்கொண்ட கதையும் என் காதுக்கு வந்தது.

"எனக்கு ஏன் சொல்லல, நான் யாரு?" என்று போகும்போது கேட்டாய். அந்தக் கேள்வி என்னை அறைந்ததற்குக் காரணம், அதே வார்த்தைகளை நான் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். கல்கத்தா வந்த புதிதில் என் அப்பாவிடமிருந்து மாதா மாதம் கடிதம் வரும், எல்லாரும் சுகம், நீ உன் வேலையைப் பார் என்று. அந்த வருடம் லீவில் போனபோது கிணற்றடியில் அவர் முதுகு தேய்க்கச் சொன்னார். வயிற்றில் நீளமாக ஒரு தையல். ஆபரேஷன் நடந்து பல மாதம் ஆகியிருந்தது, தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது, எனக்கு மட்டும் தெரியவில்லை. வாளியைத் தூக்கிப் போட்டுச் சண்டை போட்டேன். "நீ வந்து என்னல பண்ணப் போற? கத்திய நீயா புடிக்கப் போற?" என்று கேட்டுவிட்டு அவர் தண்ணீரை ஊற்றிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எழுதிய எந்தக் கடிதத்தையும் நான் முழுசாக நம்பவில்லை, புபாய். சுகம் என்று எழுதியிருந்தால் பயப்படுவேன். உண்மையிலேயே சுகமாக இருந்த வருடங்களிலும் பயந்தேன். என் மகனுக்கு இதைச் செய்ய மாட்டேன் என்று நினைத்தவன்தான், காப்பித்தூள் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்பால்தான் மறைத்தோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அன்பால் மறைத்தாலும் மறைக்கப்பட்டவன் தனியாகத்தான் நிற்கிறான்.

நீ போன பிறகு நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன், நிம்மதியாக இரு. மறுநாள் காலையில் உன் அம்மா புதுப் பொட்டு அட்டையோடு வந்து உட்கார்ந்தாள். அவள் விரலைக் காட்டினாள், நான் ஒட்டினேன். நடுவுக்கு வந்த பொத்தானை மறுபடி இடது மூலைக்குக் கொண்டுபோக ஒரு வழி இருக்க வேண்டுமே என்று நானே அமைப்புகளுக்குள் போய்த் தேடினேன். எங்கெங்கோ போய், திரையின் நிறத்தை மாற்றி, ஒருமுறை எல்லாம் தலைகீழாகி, கடைசியில் கிடைத்தது. இருக்கிறதடா, ஓரத்துக்கு நகர்த்த முடிகிறது! நான் கைதட்டியதைக் கேட்டு மாஷிமா கீழிருந்து "கீ ஹொலோ?", என்ன ஆச்சு என்று கேட்டார். புதிய பதிப்பில் ஒரு பெண் குரல் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டுகிறது. "என் வீட்ல என்னக் கேக்காமப் பேசுதாளே, யாரு இவ?" என்று முதல் நாள் உன் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. தத்தா பாபுவின் பெயரை அந்தக் குரல் தப்பாக உச்சரித்ததும் உன் அம்மா சமாதானமாகிவிட்டாள். இப்போது இரண்டு பேரும் நன்றாகவே சண்டை போட்டுக்கொள்கிறார்கள். பழையதில் இந்த வசதி எங்களுக்குத் தெரியவே தெரியாது. நீ மாற்றியதால்தான் கிடைத்தது, அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

இன்னொன்று. கட்டடச் சங்கத்தின் போன கூட்டத்தில் அவள் எழுந்து நின்று, தன் கண்ணைப் பற்றி எல்லாருக்கும் வங்காளத்தில் சொன்னாள். வேறு யாரையாவது செயலாளராக்குங்கள் என்றாள். மாஷிமா, "உனக்குக் கண்ணு இருந்தப்பவே நீ யார் பேச்சையும் கேட்டதில்ல, இப்ப மட்டும் என்ன?" என்று கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். நோட்டீஸை அவள் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுக்க இரண்டாம் மாடிப் பெண் ஒத்துக்கொண்டாள். வேண்டாம், அடிப்பது நான்தான், நீ படித்துப் பிழை பார்த்தால் போதும் என்று உன் அம்மா சொல்லிவிட்டாள். அன்று வீடு திரும்பி, விளக்கைப் போடாமல் சோபாவில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இனி உன்னிடம் எதையும் மறைப்பதில்லை என்று எங்களுக்குள் புது ஒப்பந்தம், அதனால் இதையும் சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ இங்கே இருந்தால் அவள் கண் நிற்காது. டாக்டரைக் கேட்டுவிட்டேன், நீயும் கேட்டுக்கொள், நம்பர் தருகிறேன். நீ இங்கே இருந்தால் நியூ டவுனிலிருந்து வாரம் ஒருமுறை வருவாய், அவள் விழுகிறாளா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாய், அவள் விழமாட்டேன் என்று காட்டுவதற்காகவே விழுவாள். பியாலிக்கு அங்கே ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அதனால்தான் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. "தெரியாத என் கண்ணுக்காக அந்தப் பொண்ணு படிப்ப விடணுமாக்கும்? அவ அம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்கிறாள் உன் அம்மா. நீ எங்களுக்காகத் தங்கினாய் என்றால், வருகிற ஒவ்வொரு நாளும் அவள் உனக்கு நன்றாகத் தெரிவது போல நடிக்க வேண்டியிருக்கும். ஒரு வருடம் நடித்தே அவள் களைத்துப் போனாள். அவளை மறுபடி அந்த மேடையில் ஏற்றாதே, தம்பி.

நீ போவது எனக்குப் பிடித்திருக்கிறது என்று நினைத்துவிடாதே. கொஞ்சமும் பிடிக்கவில்லை. நீ நியூ டவுனுக்குப் போனபோதே எனக்குப் பிடிக்கவில்லை. சாயங்காலம் ஏரிப் பக்கம் நடக்கும்போது உன் வயதுப் பையன்கள் அப்பாக்களோடு பேசிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு அவர்கள் மேல் காரணமில்லாமல் கோபம் வருகிறது. இதையெல்லாம் நான் உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் போகாமல் இருந்துவிடுவாயோ என்றுதான். இப்போது சொல்லிவிட்டே போகச் சொல்கிறேன். பிடிக்காமல் வழியனுப்புவதும் அப்பன் செய்ய வேண்டிய வேலைதான், அதற்கு நீ குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்திலிருந்து உனக்கு ஒரு வாக்கு. "நல்லாயிருக்கோம்" என்ற வார்த்தையை நல்லாயிருந்தால் மட்டுமே சொல்வோம். டாக்டர் என்ன சொன்னாலும் அன்றைக்கே உனக்குத் தெரியும், அவள் படியில் தடுக்கினாலும் தெரியும், நான் மறந்துபோகத் தொடங்கினாலும், அதை மறக்காமல் யாராவது உனக்குச் சொல்வார்கள். நீயும் அங்கே பனியில் நடுங்கிக்கொண்டு, வேலை போய்விட்டதென்று எங்களிடம் மறைக்கக் கூடாது. எங்களை விசாரிப்பதற்காக வேலையை விட்டு ஓடி வர வேண்டாம். ஆனால் என்றாவது ஒருநாள் நான் "வா" என்று சொல்வேன். அன்றைக்குக் காரணம் கேட்காதே. லீவு இருக்கிறதா என்று பார்க்காதே. கிளம்பி வந்துவிடு.

இந்தக் கடைசிப் பத்தியை வாசித்துக் காட்டியபோது, உன் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு, "'வா'ன்னு நீங்க சொல்ல மாட்டீங்க. உங்களுக்கு வாயில வராது, நாம சமாளிச்சுக்கலாம்னு இருந்துருவீங்க. நான் கூப்புடுவேன்னு மாத்தி எழுதுங்க" என்றாள். அவள் சொல்வது சரி. அதனால் மாற்றிக்கொள், புபாய். நான் போ என்கிறேன். உன் அம்மா கூப்பிடுவாள். அவள் கூப்பிட்டால் வா.

அப்பா